விளிக்காத கல்யாணம்

பதினாலு மாதமாக ரசலையனும் ஜலாலுதீனும் விசிலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. குலசேகரத்துக்கும் குளச்சலுக்கும் ஓடுகிற அரசுப் பேருந்தில் ரசலையன் கண்டக்டர், ஜலாலுதீன் டிரைவர். ஒரு விசிலை மட்டும் வைத்துக்கொண்டு மனுஷன் வேலையும் பார்க்கலாம், பகையும் வளர்க்கலாம் என்று இரண்டு பேரும் நிரூபித்துக் காட்டியிருந்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணக் கார்டு. ஜலாலுதீன் தன் மகள் ஹஸீபாவின் நிக்காஹ் கார்டை பஸ் ஸ்டாண்டில் வைத்து, இன்ஜின் மூடிக்கு மேலாக நீட்டினார். தினமும் எட்டு மணி நேரம் கூடவே இருக்கிற ஆளை வீடு தேடிப் போய் வேறு அழைக்கவேண்டுமா என்று நினைத்துவிட்டார், பாவம். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரியையும் சேர்த்து விளித்தால்தான் அது அழைப்பு. இரணியல் வீட்டில் ரசலையனின் மனைவி நேசபாய் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்டுல வந்து விளிக்காத கல்யாணத்துக்கு எப்பிடிப் போறது? சோத்துக்குப் போனது போல ஆயிராதா?"

ரசலையனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போகவில்லை. கடைசிப் பந்தி வரைக்கும் ஜலாலுதீன் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று சாப்பிட்டு வந்தவர்கள் சொன்னபோது நெஞ்சு சுருக்கென்றது. என்ன செய்ய, அதற்குள் ரோஷம் முந்திக்கொண்டது.

இப்போது ஜலாலுதீனுக்கு ஒன்பது நாள் டூட்டிதான் பாக்கி. மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் பேசாவிட்டால் இருபத்திரண்டு வருஷச் சிநேகம் அதோடு முடிந்தது என்று ரசலையனுக்குத் தெரியும். தினமும் காலையில் ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தார். விசில்தான் வாய்க்குள் போனது.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பணிமனையில் அந்தக் கூத்து நடந்தது. பாதிப் பேருக்கு பிரஷர், மீதிப் பேருக்குப் பயணிகளோடு தகராறு. இதற்கு ஏதாவது வழி பண்ணவேண்டும் என்று மேலாளர், ஷப்னா என்ற நாடகக்காரியைக் கூட்டிவந்திருந்தார். தேங்காப்பட்டணத்துப் பெண், முப்பது வயது இருக்கும். வசனம் எதுவும் எழுதிவைக்காமல், அந்த நேரத்தில் வாயில் வருவதைப் பேசி விளையாடுகிற நாடகமாம்.

"ஒரே ஒரு விதிதான், சாரே. எதிர்ல நிக்கவரு என்ன சொன்னாலும் இல்லேன்னு சொல்லப்படாது. ஆமான்னு ஏத்துக்கிட்டு, அதுக்கு மேல நீங்க ஒண்ணு சேக்கணும்" என்றாள் ஷப்னா.

கண்டக்டர்களிடம் வந்து சொல்கிற விதியா இது! நிக்காது, போகாது, சில்லறை இல்ல, எடம் இல்ல. முப்பது வருஷமாக இதையே சொல்லிச் சோறு தின்கிற ஜாதி. அவள் ரசலையனிடம் வந்து, கையில் எதையோ பிடித்திருப்பதுபோல நின்றாள்.

"சாரே, இந்த ஆனைக்குட்டிக்கு ஒரு அரை டிக்கெட்."

"ஆனைய எல்லாம் ஏத்தப்படாது! எறங்கு, எறங்கு!"

கூடமே சிரித்து உருண்டது. மூலையில் நின்ற ஜலாலுதீனும் சிரித்தார். ரசலையன் பார்ப்பதைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொண்டார். ஷப்னா விடவில்லை, மறுபடியும் அரை டிக்கெட் கேட்டாள். ரசலையன் டிக்கெட் கிழிப்பதுபோலக் கையை அசைத்தார்.

"ஆமா... அரை டிக்கெட்டு. தும்பிக்கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டாம இருக்கச் சொல்லு, பிள்ளே."

கைதட்டல் எழுந்தது. ரசலையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி வயிறு குலுங்கச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

அடுத்து ஷப்னா நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஆக்கினாள். டிரைவர் கண்டக்டராக வேண்டும், கண்டக்டர் டிரைவராக வேண்டும், விசில் கிடையாது என்று சொல்லிக் கையைக் காட்டினாள். ஊர்க்கதை தெரியாத பெண். அவள் விரல் போய் நின்றது இந்த இரண்டு பேரிடம்.

ஒரு எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ரசலையன் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நின்ற ஜலாலுதீன், கட்டாயத்துக்கு நிற்கிறவரின் குரலில், "குளச்சல், குளச்சல். ஏறுங்கோ" என்றார்.

அப்போதுதான் ரசலையனுக்கு ஒன்று உறைத்தது. இந்த நாற்காலியில் இருந்து தான் என்ன சொன்னாலும் ஜலாலுதீன் இல்லை என்று சொல்ல முடியாது. இப்படி ஓர் இடம் இனிமேல் கிடைக்காது.

"கண்டக்டரே, நான் ஒரு கல்யாணத்துக்குப் போணும். ரொம்பப் பிந்திட்டேன். பந்தி முடிஞ்சிருக்குமா?"

ஜலாலுதீன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல மணிக்கட்டைத் திருப்பினார்.

"ஆமா, பிந்தித்தான் போச்சு" என்றார். "பந்தி முடிஞ்சு பாத்திரமும் கழுவியாச்சு. ஒருத்தனுக்க சோறு மட்டும் மூடி வச்சிருக்கு."

"ஆமா. அவன் ஒரு முட்டாப்பய. வீட்டுல வந்து விளிக்கல்லன்னு முறுக்கிட்டு இருந்தான்."

"ஆமா. விளிக்காதவனும் முட்டாப்பயதான். சொந்த வீட்டு ஆளை எதுக்குப் போய் விளிக்கணும்னு இருந்துட்டான்."

தட்டு கீழே விழுந்து உருண்டது. பதினாலு மாதமாகத் தன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக் குமைந்த ரசலையனுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். ஷப்னா மட்டும், "ரெண்டு பேரும் என்னமா நடிச்சிய!" என்று கைதட்டினாள்.

ஆனால் நாற்காலிகளை அடுக்கிவைத்ததும் ஜலாலுதீன் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். விளையாட்டில் சொன்னது விளையாட்டோடு போய்விடுமோ என்று ரசலையனுக்கு பயம் வந்தது. வீட்டுக்குப் போன வேகத்தில் நேசபாயைப் புறப்படச் சொன்னார்.

"எங்க?"

"ஜலாலு வீட்டுக்கு."

"வந்து விளிச்சாரா?"

"விளிக்கல்ல. சும்மாதான் போறோம்."

நேசபாய் அவர் முகத்தைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் சேலை மாற்றிக்கொண்டு, ஒரு சீப்பு மட்டிப்பழத்தைப் பையில் எடுத்து வைத்தாள்.

குளச்சல் வீட்டில் கதவைத் திறந்தது ஜலாலுதீனின் மனைவி சுலைகா பீவி.

"தினமும் மூணு தரம் குளச்சலுக்கு வாறிய. இந்த வாசலுக்கு வர பதினாலு மாசமாண்ணே?" என்று கேட்டபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நேசபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஜலாலுதீன் வந்தார். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ரசலையன் உட்காரும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி இந்த வீட்டுல ஒரு விசேஷத்துக்கும் ஒன்னைய விளிக்கமாட்டேன், கேட்டியா மக்கா?"

"விளிச்சா நான் வரமாட்டேன்" என்றார் ரசலையன்.