ஏறுவது நடையில் சேராது

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் கையெழுத்து. வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று மூன்று பக்கம் முயன்றேன். ஒட்டவில்லை. கிழித்துவிட்டேன்.

சாவ் ஜோர்ஜ் தீவில் எங்கள் ஊர் எரிமலையின் முதுகெலும்பு மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் தடுக்கி விழுந்தாலும் கடல். ஊரிலிருந்து மூன்று நடைவழிகள் கிளம்புகின்றன. மூன்றுக்கும் பலகை வைக்க வேண்டும், எந்த வழி எப்படிப்பட்டவருக்கு ஏற்றது என்று அதில் எழுத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் மூன்று கட்டங்கள்: சுலபம், நடுத்தரம், கடினம். ஊராட்சித் தலைவர் எவரிஷ்டு ஒரு டப்பா பச்சைப் பெயின்ட்டையும் தூரிகையையும் என் கையில் திணித்தார்.

"உனக்குப் பேசத்தான் வராது ஸேலியா. எழுதவாவது செய்."

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளோடு நான் பள்ளியை விட்டேன். கையெழுத்து மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. (இந்த வரியை அடித்துவிடலாம். கதை என்னைப் பற்றியதல்ல.)

2

முதல் தொடக்கம்: "அட்லாண்டிக் கடலிலிருந்து எழுந்த அந்தக் கரிய தீவின் உச்சியில், மேகங்கள் பசுக்களை—"

மேகங்கள் பசுக்களை என்ன செய்கின்றன என்று தெரியாமல் நின்றுவிட்டேன். மறைக்கின்றன, அவ்வளவுதான். பசுக்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஹென்ரீக்கா என்னும் அறுபத்தெட்டு வயது மணப்பெண் ஒரு புதன்கிழமை காலை மலையிலிருந்து இறங்கத் தொடங்கினார்."

இது பரவாயில்லை. ஆனால் மணப்பெண் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் மாப்பிள்ளையைத் தேடுவீர்கள். மாப்பிள்ளை ஹாலந்தில் இருக்கிறார். கடைசிவரை வரமாட்டார். தேட வேண்டாம்.

2 (மறுபடியும்)

படிவத்தை நிரப்பியது ஊராட்சி அலுவலகத்தில். எவரிஷ்டு சொன்னார், நான் எழுதினேன். தேவாலயத்துக்குப் போகும் வழி சுலபம். முகட்டு வழி நடுத்தரம், காற்று அடிப்பதால். மூன்றாவது, ஃபஜாவுக்கு இறங்கும் வழி.

மலையின் ஒரு துண்டு சரிந்து கடலில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கூச்சமில்லாமல் தட்டையாகப் படுத்துக்கொண்டால் அதற்கு எங்கள் ஊரில் ஃபஜா என்று பெயர். எங்கள் ஃபஜாவில் பத்து வீடுகள், கொஞ்சம் திராட்சை, நிறைய சேனைக்கிழங்கு, என் அத்தை தியோலிந்தா. ஊரிலிருந்து செங்குத்தாக அறுநூறு மீட்டர் கீழே. முப்பத்தொரு வளைவுகள்.

போக எவ்வளவு நேரம் என்று படிவம் கேட்டது. நாற்பது நிமிடம் என்றார். திரும்ப எவ்வளவு நேரம் என்று கேட்டது. அங்கே ஒரு கோடு போடச் சொன்னார். நான் பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன். என் பார்வைக்கே பதில் சொல்லிப் பழகியவர் அவர்.

"ஏறுறது நடையில சேராதும்மா. அது வீட்டுக்கு வர்றது."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். ஞாயிற்றுக்கிழமை காலை இறங்குவோம்; அது நடை. மாலையில் தோளில் கிழங்கு மூட்டையும் வாயில் குடும்பச் சண்டையுமாக ஏறுவோம், அது நடையல்ல. மேலே வந்து மூச்சு வாங்கினாலும், "கீழே என்னத்தைச் சாப்பிட்டேனோ" என்பார்களே தவிர மலையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பலகையில் எழுதினேன்: ஃபஜா. நாற்பது நிமிடம். சுலபம். எழுத்துகள் அவ்வளவு அழகாக விழுந்தன. பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

3

அன்று மாலை என் நோட்டில் மூன்று வழிகளையும் நானாக வேறு விதமாகத் தரம் பிரித்தேன். தேவாலய வழி, நிரம்பிய காபிக் கோப்பையோடு நடக்கக்கூடியவர்களுக்கு. முகட்டு வழி, ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் நாயையும் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு (நாய் இல்லாதவர்கள் தொப்பியை இரண்டு கையாலும் பிடிக்கலாம்). ஃபஜா வழி, சாயங்காலம் யாரும் எதிர்பார்த்துக் காத்திராதவர்களுக்கு.

இதைப் பலகையில் எழுதியிருந்தால் கதையே இல்லை. ஆனால் பலகையில் எழுதினால் ஊரே படிக்கும். மெத்தைக்கு அடியில் ஒளித்துவைக்கிற நோட்டில் எழுதினால் மெத்தை மட்டும்தான் படிக்கும். மெத்தை யாரிடமும் சொல்லாது.

4

இப்போது ஹென்ரீக்கா வருகிறார். மறுநாள், புதன்கிழமை காலை; ஈரக்காற்றில் பெயின்ட் இன்னும் காயவில்லை. நான் பலகைக்குப் பக்கத்தில் ஈ விரட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் மொழியை ஏதோ பழைய பாடப்புத்தகத்தில் படித்திருந்தார். அதனால் அவர் வாயைத் திறந்தால் தேவாலயத்தில் பாதிரியார் வாசிப்பது போலிருக்கும்.

"வணக்கம், இளநங்கையே. இப்பாதை யாவர்க்கும் எளிதாமோ?"

நான் தூரிகையால் பலகையைக் காட்டினேன்.

"நன்று. என் வலது முழங்கால் உலோகத்தாலானது. மேலும், சனிக்கிழமையன்று எனக்குத் திருமணம். வெள்ளி மாலை ஐந்து மணி விமானத்தில் நான் ஏறியாக வேண்டும். ஆதலின் வினவினேன்."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மூன்று தடவை. உள்ளே சொற்கள் இருந்தன, வரிசையில் நின்றன, யார் முதலில் போவது என்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. அதற்குள் அவர் என் தோளைத் தட்டிவிட்டு முதல் வளைவில் மறைந்துவிட்டார்.

* திருமணம் நிஜமா, நான் சேர்த்ததா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: முதல் பிரதியில் சனிக்கிழமை அவருக்குப் பல் மருத்துவரிடம் நேரம் குறித்திருந்தது. ஒரு பல்லுக்காக நீங்கள் யாரும் அறுநூறு மீட்டர் ஏற மாட்டீர்கள். மாற்றினேன். மாற்றிய பிறகு அது நிஜமாகிவிட்டது. இப்போது என்னாலும் தடுக்க முடியாது.

5

நாற்பது நிமிட வழியை அவர் இரண்டரை மணி நேரத்தில் இறங்கினார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தியோலிந்தா அத்தை ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தாள், நானும் அங்கே இருந்தேன். ஃபஜாவில் ரொட்டி சுடும் அடுப்பின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேசுகிறவர்கள் எல்லோரும் கூட்டத்தில் பேசுவது போல் பேசுவார்கள். எவரிஷ்டு போனை மேஜை மேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி உட்கார்ந்தார்.

"தலைவரே, உங்க பலகையைப் படிச்சுட்டு ஒரு கல்யாணப் பொண்ணு வந்திருக்கு. சூப் குடிச்சுது. எழுந்துச்சு. மலையை அண்ணாந்து பார்த்துச்சு. மறுபடியும் உக்காந்துருச்சு."

"பலகையில என்ன தப்பு? இறங்குனாங்கல்ல?"

"இறங்குனாங்க. கல்லும்தான் இறங்குது."

"ஏறுறது நடையில சேராது தியோலிந்தா. வீட்டுக்கு வர்றது. உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். அந்தம்மா வீடு ஹாலந்துல இருக்கே, அவங்க முழங்காலுக்குத் தெரியணுமே."

படகு அனுப்பலாமா என்று பேசினார்கள். வடக்கிலிருந்து அலை எழும்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வரை எந்தப் படகும் ஃபஜாவில் ஒதுங்காது. முழங்கால் வேறு ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. வியாழன் முழுக்க ஓய்வு, வெள்ளி காலை ஏற்றம் என்று முடிவாயிற்று. போனை வைத்ததும் எவரிஷ்டு என்னைப் பார்த்தார். அந்தம்மா கேட்டபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதை இதோ இங்கே எழுதிவிட்டேன்.

(எவரிஷ்டுவைப் பற்றி ஒரு சந்தேகம். அவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். அதற்காகவே தொப்பையும் முறுக்கு மீசையும் கொடுத்து அரைப் பக்கம் எழுதினேன். நிஜத்தில் ஒல்லி. போதாததற்கு, வியாழக்கிழமை தன் சொந்தக் கைத்தடியையும் முழங்காலுக்குத் தடவ ஏதோ களிம்பையும் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாற்பது நிமிடத்தில் போனார். எப்போது திரும்பினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்படிச் செய்கிற ஆளை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் கதை எழுதுவது?)

7

ஆறாம் பகுதியைத் தூக்கிவிட்டேன். அதில் ஒரு கழுதை இருந்தது. எங்கள் ஊர்க் கழுதை பாலாடைக்கட்டியைத் தவிர வேறெதையும் சுமக்காது. ஹென்ரீக்காவை ஒரு பாலாடைக்கட்டி என்று அதை நம்பவைக்க ஒன்றரைப் பக்கம் செலவானது. கழுதை நம்பவில்லை. ஹென்ரீக்கா பாதி நம்பிவிட்டார்.

எனவே வெள்ளிக்கிழமை காலை நானே இறங்கினேன். இதை யாரும் சொல்லவில்லை. பலகையில் இருந்தது என் கையெழுத்து.

அத்தை வீட்டுக்குப் போனபோது மணப்பெண் வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அத்தைக்கும் அவருக்கும் சீட்டாட்டத்தில் ஏதோ தகராறு. இருவரும் ஒருவரையொருவர் கள்ளி என்று, ஒருத்தி பேச்சு வழக்கிலும் மற்றவர் இலக்கண சுத்தமாகவும், திட்டிக்கொண்டார்கள். ஏழு மணிக்கு அத்தை சோளரொட்டியைக் கட்டிக் கொடுத்து எங்களை அனுப்பினாள். அழவில்லை. அடுத்த முறை வரும்போது புருஷனைக் கூட்டி வராதே, சீட்டுக்கு மூன்று பேர் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். இறங்குவதை எழுதுவது எளிது. ஒரு வாக்கியத்தைத் தள்ளிவிட்டால் போதும், அது உருண்டு அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். ஏறுவதை எழுத ஒவ்வொரு வாக்கியத்தையும் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. "ஏறினார்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எங்கள் ஊர்க்காரர் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார். அவர்கள் ஏறியதே இல்லையே, வீட்டுக்குத்தானே வந்திருக்கிறார்கள்.

முதல் வளைவு. கைத்தடி, உலோகக் கால், நல்ல கால். கைத்தடி, உலோகக் கால், நல்ல கால். இரண்டாம் வளைவு. பனியில் நனைந்த கருங்கல். மூன்றாம் வளைவில் உட்கார்ந்தார். நான்காம் வளைவில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார்: முன்பு பேருந்து ஓட்டியவராம்.

"என் மணவாளர் கடல்மட்டத்திற்கும் கீழே வசிப்பவர். அவருக்கு மலை என்றால் பாலம்."

ஒன்பதாம் வளைவில் சிரிப்பதை நிறுத்தினார். பதினொன்றில் பேசுவதை. பதினான்காம் வளைவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். மணி பதினொன்று. கீழே ஃபஜாவின் கூரைகள் இன்னும் சின்னதாகக்கூட ஆகவில்லை.

"உண்மை கூறுவாயாக. இன்னும் எவ்வளவு தொலைவு?"

8

இந்தக் கேள்விக்கு எங்கள் தீவில் ஒரே பதில்தான் உண்டு: "இதோ, அங்கதான்." அடுத்த வீட்டுக்கும் அதுதான், அடுத்த தீவுக்கும் அதுதான்.

முடிவு (அ): நான் "இதோ, அங்கதான்" என்கிறேன். அவர் எழுகிறார். ஒவ்வொரு வளைவிலும் நிமிர்ந்து பார்க்கிறார், அங்கே இன்னொரு வளைவு இருக்கிறது. இருபதாம் வளைவில் அவர் என்னை வெறுக்கத் தொடங்குகிறார். வெறுப்பில் நடை வேகமாகிறது. விமானத்தைப் பிடித்துவிடுகிறார். திருமணப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

முடிவு (ஆ): எவரிஷ்டு ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வருகிறார். ஹென்ரீக்காவை அதில் உட்காரவைத்துத் தூக்குகிறோம். பாதி வழியில் எவரிஷ்டு மூச்சிரைக்க நின்று, "இது ஏத்தம்தான் போல" என்று—

இல்லை. உயிரே போனாலும் அவர் அதைச் சொல்ல மாட்டார். அடித்துவிடுங்கள்.

முடிவு (இ)யை நான் எழுதவில்லை. அது நடந்துவிட்டது.

"பதினேழு வளைவு" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். ஒரு ஆடு திரும்பிப் பார்த்தது. ஹென்ரீக்கா கண்ணைத் திறந்தார். பிறகு என் சட்டைப் பையைச் சுட்டினார்.

"நான் அமர்ந்தபோதெல்லாம் நீ அந்த ஏட்டில் எழுதினாய். கண்டேன். எழுதுபவள் நீயன்றோ? பதினேழைப் பத்தாக்குவாயாக."

நோட்டை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஓடிவிடலாம் என்றால் மேலே ஓட வேண்டும்.

"பத்துன்னு எழுதலாம்மா. நடக்கும்போது பதினேழா ஆயிரும்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "அங்ஙனமாயின், பதினேழே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இடது கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். இழுத்தேன். பாதி எழுந்தார், மறுபடியும் கல்லில் உட்கார்ந்தார். இன்னொரு முறை. ஒரு கைக்கு வரமாட்டார். மறுபக்கமும் ஒருவர் வேண்டும்.

மேலே பதினைந்தாம் வளைவில் சரளைக்கல் சரிகிற சத்தம். யாரோ கையை வீசிக்கொண்டு ஜாலியாக இறங்கி வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் இவ்வளவு தூரம் வந்திருப்பவர் வேறு யார், நீங்கள்தான். கடலைப் பார்க்கத்தான் வந்தீர்கள், தெரியும். கீழே அத்தை சூப் வைத்திருக்கிறாள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஹென்ரீக்கா தன் வலது கையை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். விமானம் ஐந்து மணிக்கு. நான் இந்தக் கையை விட்டுவிட்டு எழுத முடியாது, அதனால் இத்துடன் எழுதுவதை நிறு