ஸலாஹுதீன் நானாவின் முரசு

றம்ஸியா செய்த முன்பல் இரண்டாவது தடவையும் பிழையாகிப்போனது. ஆளும் அதே ஆள், உப்பளத்தில் வேலை செய்யும் ஸலாஹுதீன். குறையும் அதே குறை. போட்ட அன்று மேல் முரசோடு, அதாவது ஈறோடு, ஒட்டிப் பிறவிப் பல் மாதிரி நின்றது. ஒரு கிழமைக்குள் முரசு மேலே ஏறி, நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

“மூணாவதும் இப்பிடி வந்தா எல்லா வேலையையும் கொழும்புக்கு அனுப்பிருவேன்,” என்றார் பல் டொக்டர் லாபிர். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை பிடிக்கலாம். மனுசன் தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். புத்தளத்தில் றம்ஸியாவின் ஒற்றை அறைப் பட்டறைக்கு வேலை தருகிற டொக்டர் அவர் ஒருவர்தான். அவர் கைவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அவள் என்ன பிழை விட்டாள்? ஆளின் வாயில் டொக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவாள். புதுப் பல் உட்காரும் ஓரம் தெரிய வேண்டுமானால் சுற்றியிருக்கும் பிளாஸ்டர் முரசை வெட்டி எறிய வேண்டும். வெட்டினால் முரசின் வளைவு போய்விடும். சோம்பேறிகள் மிச்சத்தைக் குத்துமதிப்பாகச் செய்து முடிப்பார்கள். றம்ஸியா அப்படிப்பட்டவளா? வெட்டுவதற்கு முன்பே றோஸ் நிற ரப்பரில் முரசைப் பிரதி எடுத்து, வெட்டிய பிறகு அதைத் திரும்ப மாட்டி, அந்த வளைவுக்கு ஏற்றபடிதான் பல்லை வடிப்பாள். இரண்டு தடவையும் ஒரு மயிரிழை பிசகவில்லை.

மூன்றாவது அச்செடுக்க வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். ஸலாஹுதீன் திங்களே வந்துவிட்டார். டொக்டரிடம் போகவில்லை. காலில் உப்புச் சேறோடு நேரே பட்டறைக்குள் ஏறினார்.

“தங்கச்சி, நீ பல்லு செய்றியா, பகிடி விடுறியா? உப்பளத்துல எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கிறானுகள்!”

ஏசுவதற்காக அவர் வாயை நன்றாகவே திறந்தார். றம்ஸியா ஏச்சைக் கேட்கவில்லை. முரசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டையாக, இறுக்கமாக இருந்தது. மேசையிலிருந்த அவருடைய இரண்டு பிளாஸ்டர் வாய்களிலும் அதே முரசு, றோஸ் ரப்பரில், தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு மாதிரி உப்பியிருந்தது.

“நானா, இண்டைக்கிப் பல்லுத் தீட்டினீங்களா?”

“காலையில சும்மா ஒருக்கா. சண்டைக்கி வாறதுக்கு என்னத்துக்கு விசேசமாத் தீட்ட?”

“அப்ப டொக்டர்கிட்டப் போறண்டா?”

“அது வேற. படிச்ச மனுசன் வாய்க்குள்ள கை போடுறாரு, ஊத்த வாயோட போறதா? ரெண்டு நாளைக்கி முந்தியே கல்லுப்பு வெச்சு ரத்தம் வரும் வரைக்கும் தேய்ச்சிருவேன்.” பெருமையாகத்தான் சொன்னார்.

யா அல்லாஹ்! இரண்டு தடவையும் அவள் அச்சொட்டாகப் பிரதி எடுத்தது கல்லுப்பில் வீங்கிய முரசை. பல் பொருத்தும் நாளிலும் மனுசன் தேய்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார், அதனால் அன்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது. வீக்கம் வடிந்ததும் பல் அந்தரத்தில் நின்றுவிட்டது. றம்ஸியாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

“வாங்க நானா, டொக்டர்கிட்டப் போய் இப்பவே அச்செடுப்பம்.”

“இந்த வாயோடயா? சீ! எனக்கு மானம் ஈக்கிது.”

“நானா, என்ட கடையே உங்கட வாய்க்குள்ளதான் ஈக்கிது,” என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

ஸலாஹுதீன் ஏச்சை நிறுத்திவிட்டு அவள் பின்னால் நடந்தார். டொக்டரின் கதிரையில் உட்கார்ந்ததும் வாயைத் திறப்பதற்கு முன் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது பல் போட்டு இரண்டு கிழமை கழித்து அதே கதிரையில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கல்லுப்பைத் தொடமாட்டேன் என்று றம்ஸியாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கதவோரம் நின்றாள். லாபிர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, முன்பல்லின் ஓரத்தைச் சுற்றிவரப் பார்த்தார். கம்பியால் மெல்லத் தடவினார். நிமிர்ந்தார்.

“இந்த முறை சரி றம்ஸியா. முரசு நல்லா ஒட்டிப் பிடிச்சிருக்கு.”

ஸலாஹுதீன் கம்பி வெளியே வரும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தார்.

“டொக்டர், அது என்ட சொந்தப் பல்லு. தங்கச்சி செஞ்சது பக்கத்துல ஈக்கிது.”