நம்பிக்கை நிறத்தில் ஒரு கதவு

வண்ண டாக்டர் வந்த பத்தாம் நாள், கம்பெனியின் தீயணைப்பு உருளைகள்கூட வெளிர்நீலமாகிவிட்டன. தீப்பிடித்தால் முதலில் தீயைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு போலும்.

அவர் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. எந்த நிறத்தைப் பார்த்தால் மனிதனுக்கு எந்த உணர்ச்சி பொங்கும் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர். மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்தே சிவப்புதான் நிறம். அட்டைப்பெட்டி சிவப்பு, பெயர்ப்பலகை சிவப்பு, ரசீதின் ஓரக்கோடுகூடச் சிவப்பு.

"சிவப்புன்னா பசி, கோபம், அவசரம்," என்று திரையில் ஒரு வண்ண வட்டத்தைக் காட்டினார் டாக்டர். "நீலம்னா நம்பிக்கை. உங்க கஸ்டமர் ஏன் கத்துறார்? நீங்கதான் கத்தச் சொல்றீங்க."

மேனேஜர் தன் சிவப்பு டையை மெல்லக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. புகாரக்காவின் கை. பழுதான சாமானைத் தூக்கிக்கொண்டு நேரில் வருபவர்களுக்காக ஒரு சின்ன அறையில் பதினேழு வருடம் தனியாளாக உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு வந்த பெயர் அது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"சார், மிக்சி புகையுதுன்னுதான் கத்துறாங்க. பெட்டி சிவப்பா இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கத்தினதில்ல."

"அது உங்களுக்குத் தெரியாதும்மா. அவங்களுக்கே தெரியாது. ஆழ்மனசு."

ஆழ்மனசோடு யார் வாக்குவாதம் செய்வது? அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

வேலை மளமளவென்று நடந்தது. வரவேற்புக் கூடத்தின் சுவர் முழுக்க 'காலை நம்பிக்கை' என்ற வெளிர்நீலம். கதவுகளுக்கு 'மாலை நம்பிக்கை' என்ற இன்னொரு வெளிர்நீலம். கைப்பிடி ஆக்ரோஷமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு, தள்ளித் திறக்கும்படி செய்தார்கள். 'புகார்' என்ற சொல்லே மனதைக் கெடுக்கும் என்று அந்தப் பலகையும் போனது. பெயிண்ட் அடித்தது வேறு யாருமில்லை, புகாரக்காவின் தம்பிதான்.

அதற்கு முன் ஒரு நாளைக்கு முப்பது பேர் வருவார்கள். பெயிண்ட் காய்ந்த முதல் வாரம் மொத்தமே ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். மூன்றாம் வாரம் ஒரு ஈ வந்தது. அதற்கும் புகார் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனியே கொண்டாடியது. நீல நிறத்தில் கேக் வெட்டினார்கள். எல்லோருடைய நாக்கும் நீலமாக இருந்தபோது மேனேஜர் அறிவித்தார்: "புகாரே இல்லாத கம்பெனிக்குப் புகார்ப் பிரிவு எதுக்கு? ஒண்ணாம் தேதியிலேருந்து நம்ம அக்கா கிடங்குக்குப் போறாங்க. அட்டைப்பெட்டி அடுக்குற இடம். நிம்மதியான வேலை."

எல்லோரும் கைதட்டினார்கள். பதினேழு வருடம் ஊராருடைய வாயில் விழுந்து எழுந்தவள், இனி வாயே இல்லாத பெட்டிகளோடு குடித்தனம் நடத்தவேண்டும்.

"நான் போகமாட்டேன் சார்."

கைதட்டல் பாதியில் நின்றது.

"ஏம்மா? புகார்தான் இல்லையே?"

"மோட்டார் அதே மோட்டார்தானே சார்? சுவத்துக்குத்தானே நம்பிக்கை பூசினீங்க? மோட்டாருக்குப் பூசலையே."

மேனேஜர் சிரித்தார். நீல நாக்கோடு சிரிக்கும் மனிதனைப் பார்த்துக்கொண்டு கோபத்தை அடக்குவது லேசான காரியமில்லை. "மாசம் முடிய ஒன்பது நாள் இருக்கு. ஒரே ஒரு புகார் கொண்டாங்க, பார்ப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அங்கே ஒரு பெரியவர், இடுப்பில் குழந்தையைப் போல ஒரு மிக்சியை வைத்துக்கொண்டு, சுவரைத் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, என்ன தேடுறீங்க?"

"கதவும்மா. முன்னாடி இங்கதான் இருந்துச்சு. மூணாவது தடவையா வர்றேன். போன வாரம் ஒண்ணைக் கதவுன்னு நினைச்சு முட்டித் தள்ளினேன். சுவரு." நெற்றியைத் தடவிக் காட்டினார்.

"வரவேற்புல கேக்கலையா?"

"கேட்டேனே. நேராப் போங்க, நீலக் கதவுன்னாங்க."

புகாரக்கா அறையைக் காட்டத் திரும்பினாள். சுவர்தான் இருந்தது. பதினேழு வருடப் பழக்கத்தில் அவளுடைய கால்கள் தாமாகவே அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. கண்ணை யாரும் கேட்கவில்லை. இப்போது கண்ணால் தேடியபோது, அவள் அறைக்குக் கதவே இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. உங்களை மாதிரித் திரும்பிப் போனவங்களையும் கூட்டிட்டு வாங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"டேய், காலை நம்பிக்கைக்கும் மாலை நம்பிக்கைக்கும் என்னடா வித்தியாசம்?"

"ரெண்டும் ஒரே டப்பாதான்க்கா," என்றான் தம்பி. "பேருதான் வேற."

"ஏன்டா சொல்லல?"

"கதவையும் சேத்து அடின்னாங்க, அடிச்சேன். நல்லா வந்திருக்குன்னு போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்."

"அந்தப் போட்டோல கதவைக் காட்டு பார்ப்போம்."

தம்பி போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தான். "அக்கா... காணலக்கா."

"சிவப்பு இருக்கா?"

"அரை டப்பா இருக்கு. மாமாகிட்ட ஒரு வார்த்தை..."

"என் புருஷன்கிட்ட எதுக்குடா? அவர் என்ன கதவா?"

மறுநாள் கம்பெனி திறந்ததும் இருவரும் நுழைந்தார்கள். தம்பி கையைப் பிசைந்தான். "நான் காசு வாங்கிட்டு அடிச்ச கதவு அக்கா. என் கையாலேயே எப்படி..."

"நீ டப்பாவைப் பிடி. கை என்னோடது."

அவளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாது. வழிந்தது, சேலையில் தெறித்தது, கீழ் மூலை திட்டுத்திட்டாக நின்றது. ஆனால் அது கதவு என்பதில் எந்த ஆழ்மனசுக்கும் சந்தேகம் வராது.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். நேராக வந்தார். அவர் பின்னால் இஸ்திரிப்பெட்டியோடு ஒரு பெண், சுற்றாத மின்விசிறியோடு ஒரு புதுமாப்பிள்ளை, மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய ஊர் மொத்தமும். மதியத்துக்குள் வரிசையில் நாற்பத்தொரு புகார்.

வண்ண டாக்டர் ஓடோடி வந்தார். வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? நேத்து வரைக்கும் ஒருத்தருக்காவது கோபம் வந்துச்சா? ஒரே ஒரு சிவப்புக் கதவு. நாப்பத்தொரு பேருக்குக் கோபம்!"

மேனேஜர் தலையாட்டினார். உடனே ஓர் உத்தரவு அடித்தார்கள். அரை மணி நேரத்தில் தம்பி வெளிர்நீல டப்பாவோடு, ஆட்டுக்குட்டி போல முழித்துக்கொண்டு, அக்காவின் முன்னால் நின்றான்.

"தப்பா நினைக்காதக்கா. வேலை ஆர்டர்."

அவள் வாங்கி வாசித்தாள். "'புகார்ப் பிரிவின் கதவை உடனடியாக நீல வண்ணமாக்கவும்.' சரியாத்தானே இருக்கு. எங்க வச்சு அடிக்கணும்னு போட்டிருக்கா?"

தம்பி தாளைத் திருப்பிப் பார்த்தான். "போடலையே."

"இங்க ஜனங்க மேல தெறிக்கும். கழட்டிட்டுப் போய்ப் பின்கட்டு வெயில்ல வச்சு அடி. நல்லாக் காயட்டும்."

"எத்தனை நாளுக்கா காயணும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

தம்பியிடம் பிரஷ் இருந்தது, திருப்புளி இல்லை. பெரியவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். மூன்று வாரமாக அந்த மிக்சியை அவரே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாராம். புதுமாப்பிள்ளை ஒரு பக்கம் தாங்க, கீல் திருகுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கதவு பல்லக்கு மாதிரி நாலு பேர் தோளில் ஏறிப் போனது. நீலச் சுவரின் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு திறப்பு, உள்ளே மேசை, மேசைக்குப் பின்னால் சிவப்புத் தெறித்த சேலையோடு புகாரக்கா. வாசலில் நுழைகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அவள்தான்.

மேனேஜர் வந்தபோது வரிசை படிக்கட்டைத் தொட்டிருந்தது. கையில் கிடங்கு மாற்றல் உத்தரவு.

"கதவு எங்கம்மா?"

"பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு சார். நீங்க சொன்னதுதானே?"

"இதுல கையெழுத்துப் போடுங்க."

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க சார். சத்தமா வாசிங்க, பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

வாசித்திருக்கக் கூடாது. பழக்கதோஷம், வாசித்துவிட்டார். "'வாடிக்கையாளர் புகார்கள் எதுவும் இல்லாத காரணத்தால்...'"

"யாருக்குய்யா புகார் இல்ல?" என்றாள் இஸ்திரிப்பெட்டிக்காரி. "என் பொண்ணோட பாவாடை கருகிக் கிடக்கு!"

வரிசை ஓரடி முன்னால் வந்தது. மேனேஜர் அந்தத் தாளோடு ஓரடி பின்னால் போனார்.

புகாரக்கா எழுந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். முழுதாகப் படித்தாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பழுதான சாமானுக்குக் குத்துகிற முத்திரையை ஓங்கிக் குத்தி, அவரிடமே நீட்டினாள். *உற்பத்திக் குறைபாடு. திருப்பி அனுப்பப்படுகிறது.*

"நான் இந்த இடத்தை விட்டுப் போறதா இல்ல சார். அதுல உங்களுக்குப் புகார்னா தாராளமா எழுதிக் குடுங்க, நாப்பத்திரண்டாவதாப் பதிஞ்சுக்கறேன். ஆனா வரிசையில வாங்க. எல்லாரும் காலையிலேருந்து நிக்கிறாங்க."

மேனேஜர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வண்ண டாக்டரைத் தேடினார். வெளிர்நீலச் சட்டை போட்டிருந்த டாக்டர் சுவரோடு சுவராக நின்றிருக்க வேண்டும், தென்படவில்லை. வேறு வழியில்லாமல் தாளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை நடந்து, கடைசியில் போய் நின்றார்.

முன்னால் நின்றவர் திரும்பி, கரிசனத்தோடு கேட்டார்: "உங்களுது என்ன ரிப்பேர்?"