சுக்கானியின் வேடம்

குறிஞ்சாக்கேணிக்குப் போகும் வழி முழுவதும் முருகேசு மாஸ்டர் ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டே போனார். 'நானா, உங்களைக் கேளாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன்' என்பது அதன் முதல் வடிவம்; அண்ணன்முறையானவரை அங்கே 'நானா' என்பார்கள். 'செய்துவிட்டேன்' என்பதில் வீம்பு தொனிப்பதாகப் பட்டது; 'செய்ய நேர்ந்துவிட்டது' என்று மாற்றினார். மாற்றியதும், செய்தவன் யார் என்பதே வாக்கியத்திலிருந்து நழுவிப் போயிற்று. ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தவருக்கு அந்தக் களவு விளங்காமல் இருக்குமா? மறுபடியும் 'செய்துவிட்டேன்' என்றே வைத்துக்கொண்டார். கக்கத்தில் இருந்த மாத இதழ் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப்போலச் சுட்டது.

அந்த இதழில் பத்தாண்டுகளாக அவர் எழுதிவந்த தொடர்கதை 'சுக்கானி'. கதாநாயகன் பெயர் கலீலுர் றஹ்மான், பாய்த்தோணியின் சுக்கான் பிடித்து ஓட்டுபவன். புல்மோட்டையிலிருந்து மூதூர் வரைக்கும் உள்ள கரையெல்லாம் அவனுக்கு உள்ளங்கை ரேகை. கடத்தற்காரரை மடக்குவான், புயலில் அகப்பட்டவரைக் கரை சேர்ப்பான், தொழுகை நேரம் தவறமாட்டான், உயிர் போனாலும் பொய் சொல்லமாட்டான். அவனுக்கு உடலும் உயிரும் கொடுத்தவர் குறிஞ்சாக்கேணித் தோணிக்காரர் முஹம்மது தம்பி. அவர் வாயால் சொல்லுவார்; மாஸ்டர் எழுதுவார். கதையில் வீசிய காற்றும் ஓடிய நீரும் முஹம்மது தம்பியுடையவை. எழுவாயும் பயனிலையுமே மாஸ்டருடையவை. கிண்ணியாத் துறையடியில் முஹம்மது தம்பியை இயற்பெயர் சொல்லி அழைப்பார் எவருமில்லை. "சுக்கானியார், இடமிருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

இப்போது அவருக்குத் தோணி இல்லை. யுத்தம் துறைமுகத்துக்கு வந்தவுடன் கடற்படையினர் அதை எடுத்துக்கொண்டனர். அவர் கைக்கு எஞ்சியிருந்த ஒரே தோணி, கதையில் ஓடியதுதான். அந்தத் தோணியிலிருந்தும் அவரை இறக்கிவிட்டு, அதை அவருக்குச் சொல்லவே மாஸ்டர் போய்க்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். சித்திரை பிறக்குமுன் ஜப்பான்காரர் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையில், அங்கே எழுதுவினைஞனாக இருந்த யோகராசா இறந்தான். உடலும் கிடைக்கவில்லை. அவன் தகப்பன் கோணாமலைதான் அச்சகத்துக்கும் இதழுக்கும் உரிமையாளர். எவர் வீட்டில் மரணம் என்றாலும் முப்பத்தோராம் நாளில் கொடுப்பதற்கு, இறந்தவரைப் பாடும் கல்வெட்டுப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுப்பவர் அவர். தம் மகனுடைய முப்பத்தோராம் நாள் வந்து போயிற்று. அச்சகம் மூடிக்கிடந்தது.

அதன் பின்னர் ஒரு நாள் மாஸ்டரை அழைத்துக் கதிரையில் இருத்தினார்.

"ஊருக்கெல்லாம் கல்வெட்டு அடிச்சனான், மாஸ்டர். என்ட பொடியனுக்கு அடிக்கக் கை வருகுதில்லை. அவனைப் பெத்த மனுசி நம்புறாவில்லை. இண்டைக்கும் அவனுக்குக் கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கிறா."

கோணாமலை குரலைத் தாழ்த்தினார்.

"அவவுக்கு எழுத்துத் தெரியாது. மாதா மாதம் பொடியன்தான் சுக்கானிக் கதையை வாசிச்சுக் காட்டுவான். சுக்கானியை அவனாக்கிவிடுங்கோ. பேர், ஊர், தாய் தகப்பன், எல்லாம். சுக்கானி சாகமாட்டான்தானே."

வேறெவன் கேட்டிருந்தாலும் மாஸ்டர் சீறியிருப்பார். பத்தாண்டு நடந்த மனிதனைப் பிடித்து வேறொருவனாக்குவதாவது! பிழையான பாடத்தை அழித்துத் திருத்தலாம். பிழையில்லாத மனிதனை எதற்காகத் திருத்துவது? இறந்தவனுக்குப் புதிதாக ஒரு கதை எழுதத் தமக்கு வக்கில்லையா? இத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே இருந்தவருடைய கண்களைப் பார்த்ததும் அத்தனையும் திரும்பிப் போயிற்று. "ஓம்" என்றார்.

செய்ததைத் திறமையாக வேறு செய்தார். சுக்கானி சல்லி என்ற ஊரில் கரையிறங்குகிறான்; முத்துமாரியம்மன் சந்நிதியில் தொப்பியைக் கழற்றுகிறான்; 'கலீலுர் றஹ்மான் என்பது நான் பூண்ட வேடம், என் பெயர் யோகராசா' என்கிறான். வாசகன் திடுக்கிடவேண்டும் என்று எழுதியது. எழுதி முடித்த மாலை, நன்றாக அமைந்துவிட்டது என்று மாஸ்டர் மனம் மகிழ்ந்துகூட இருந்தார்.

முஹம்மது தம்பி முற்றத்து நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தோணி இல்லாதவருக்குக் கயிறு எதற்கு என்று எவரும் அவரைக் கேட்பதில்லை.

"வாங்க மாஸ்டர், இரிங்க. செய்தி கேட்டீங்களா? என்ட தோணிய வெள்ளக்காரன் ஓட்டப் போய், அது கரையையே சுத்திச் சுத்தி வருதாம். அதுக்கும் தெரியும், ஏறினவன் ஆளில்ல எண்டு."

பக்கத்து வீட்டு றுக்கியா, கதை கேட்க வந்தவள், பன்பாயைப் பின்னியபடியே சிரித்தாள். "பெஞ்சாதியும் தோணியும் பழகின ஆளத்தான் மதிக்கும், நானா."

"பெஞ்சாதி மதிச்சத நீ எங்க கண்டாய்?"

மாஸ்டர் சிரிக்க முயன்றார். "நானா, ஒரு விசயம் சொல்லவேணும்..."

"கதையக் கேட்டுட்டு மறுகா சொல்லுங்க. பரீதா, மாஸ்டர் புத்தகம் கொண்டு வந்திரிக்கார்."

முஹம்மது தம்பி அறபெழுத்தில் எழுதிய தமிழைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பார். தமிழெழுத்து அவருக்குத் தெரியாது. மகள் சித்தி பரீதாதான் வாசித்துக் காட்டுவாள். அவள் இதழை வாங்கிக்கொண்டு, தேநீர் வைக்கக் குசினிக்குள் போனாள். தண்ணீர் கொதித்துச் சிந்தும் ஓசை கேட்டது. அடுப்பை எவரும் தணிக்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது மாஸ்டரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினாள்.

முதற்பக்கம் எழுதியபடியே வந்தது. சுக்கானி சல்லிக் கரைக்கு வந்தான்.

"'கலீலுர் றஹ்மான் கரையில் இறங்கினான். மூன்று பொழுதாக நாவில் நீர் படவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி அவனைப் பார்த்தாள். எவ்வூரவன் என்று கேட்கவில்லை. கோயில் கிணற்றில் நீர் மொண்டு வந்து, அவன் குடித்து முடியும்வரை ஓலையால் வெயில் மறைத்து நின்றாள்...'"

அப்படி ஒரு கிழவியை மாஸ்டர் எழுதவில்லை. கிணறும் ஓலையும் அவருடையவை அல்ல. சித்தி பரீதாவின் கண்கள் அச்சிட்ட வரிகளின்மேலேயே ஓடின. வாயிலிருந்து வந்தது வேறு. பக்கம் முடியவேண்டிய இடத்தில் பக்கத்தைப் புரட்டினாள். ஓரிடத்திலும் தடக்கவில்லை. வாக்கியங்களோ மாஸ்டருடைய வாக்கியங்கள்போலவே இருந்தன. அவர் எழுதியிருக்கவேண்டிய வாக்கியங்கள். கலீலுர் றஹ்மான் பாயைத் தைத்துக்கொண்டு, கிழவிக்கு ஸலாம் சொல்லி, மறுபடியும் கடலேறினான்.

முஹம்மது தம்பி கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"மாஸ்டர், நான் பொடியனா இருக்கக்குள்ள, சல்லியில அப்படித்தான் ஒரு மனுசி எனக்குத் தண்ணி தந்தா. ஓலை புடிச்சதும் மெய். உங்களுக்கு இதச் சொன்ன நினைவு எனக்கு இல்லியே. எப்படித் தெரியும்?"

றுக்கியாவும் பின்னுவதை நிறுத்திவிட்டு மாஸ்டரைப் பார்த்தாள்.

"எங்கேயோ... கேட்டனான்" என்றார் மாஸ்டர்.

"இதுவரை எழுதினதில இதுதான் திறம். அல்லாஹ் உங்கட கைக்குப் பறக்கத்தத் தரட்டும்."

அதன்மேல், வழியெல்லாம் திருத்திக்கொண்டு வந்த வாக்கியத்தைச் சொல்ல மாஸ்டருக்கு வாய் எழவில்லை. சொல்ல வந்த விசயம் என்னவென்று முஹம்மது தம்பி கேட்டபோது, காகிதம் விலையேறிவிட்டது என்றார்.

வாசற்படலைவரைக்கும் சித்தி பரீதா கூட வந்தாள். தகப்பனுக்குக் கேளாத தூரம் வந்ததும் நின்றாள்.

"வேஷமா, மாஸ்டர்? இத்தனை வருசம் அவர் தொழுதது வேஷமா? நோன்பு புடிச்சதும் வேஷமா?"

"பிள்ளை, அந்தத் தாய் படுகிற பாடு..." என்று தொடங்கி, கோணாமலையின் வீட்டில் மூடிவைத்த சோற்றுக் கோப்பை வரை மாஸ்டர் சொன்னார்.

அவள் இடைமறிக்காமல் கேட்டாள். "யோகராசா அண்ணன் எங்கட தோணியில எத்தன தரம் வந்தவர். சேதி கேட்டு நானும் அழுதன். அவர நீங்க ராசாவாக்குங்க, சந்தோசம். அதுக்கு எங்கட வாப்பா ஏன் வேஷக்காரனாகணும்?"

மாஸ்டர் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வாப்பாக்குப் பொய் சொன்ன ஆளில்ல. இண்டைக்கு உங்கட எழுத்த வச்சுக்கொண்டு சொன்னன். மாசா மாசம் ஏலாது, மாஸ்டர். துறையடியில நாலு பேர் வாசிச்சா, வாப்பாட காதுக்கு வந்திரும். வர முன்ன மாத்துங்க."

மறுநாள் காலை மாஸ்டர் அச்சகத்துக்குப் போனார். கோணாமலை அச்செழுத்துப் பெட்டிகளில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். முகம் முன்னைவிடத் தெளிந்திருந்தது. அது மாஸ்டரை இன்னும் வருத்தியது.

"மனுசி நேற்றுச் சாப்பிட்டவ, மாஸ்டர். கதையை வாசிச்சனான். 'வேஷம் போட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான் கள்ளன், அதுதான் வீட்ட வரேல்லை' எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டுச் சாப்பிட்டவ."

மாஸ்டர் அந்தச் சிரிப்பைக் கடந்து பேசவேண்டியிருந்தது. பேசினார். தாம் செய்தது பிழை என்றார். கலீலுர் றஹ்மானை மீண்டும் சுக்கானியாக வைக்கவேண்டும் என்றார். யோகராசாவுக்குக் கல்வெட்டைத் தாமே எழுதித் தருவதாகச் சொன்னார்.

கோணாமலை துணியைக் கீழே வைத்தார். "அப்ப உங்கட சுக்கானி இருக்கிறதுக்கு என்ட பொடியன் சாகவேணும்."

"அப்படி நான் சொல்லேல்லை."

"வேற எப்படிச் சொல்லலாம்? நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ."

மாஸ்டர் குறிஞ்சாக்கேணி முற்றத்தில் நடந்ததைச் சொன்னார்: குசினியில் தண்ணீர் கொதித்துச் சிந்தியதையும், சித்தி பரீதா இல்லாத கிழவியை இருக்கும் எழுத்தின்மேல் வைத்து வாசித்ததையும், அதற்கான புகழைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டதையும் சொன்னார்.

கோணாமலை துணியை எடுத்து மடித்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளை தடக்குப்படாமல் வாசிச்சதோ?"

"ஓரிடத்திலயும் தடக்கேல்லை."

"தகப்பனும் நம்பினவர்?"

"நம்பினவர்."

கோணாமலை போய், உள்வீட்டுக் கதவைச் சாத்தினார். "உங்கட கலீலையே அடிப்பம். வீட்டில வாசிக்கிறது நான்தானே. கல்வெட்டுக் கதையை இனி எடுக்காதீங்கோ."

அடுத்த இதழின் முதற்பக்கத்தில் ஒரு பிழைதிருத்தம் வந்தது: 'சென்ற இதழில் சுக்கானியின் பெயரும் பிறப்பும் பற்றி எழுதப்பட்ட பகுதி எழுதியவனின் குற்றம். அது கதையில் சேராது. கலீலுர் றஹ்மான் ஒருபோதும் வேடம் பூண்டதில்லை.' பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தே பழகிய மாஸ்டர், தம் பிழைக்கு இட்ட முதற்சுழி அது. கதையிலோ, பறித்ததைத் திருப்பிக் கொடுப்பவன் அள்ளிக் கொடுப்பதுபோல, 'அவன்' என்று எழுதினாலே போதுமான இடங்களிலும் 'கலீலுர் றஹ்மான்' என்று முழுப்பெயரையே எழுதினார். வாக்கியத்துக்கு வாக்கியம் அந்தப் பெயர் நின்றது.

குறிஞ்சாக்கேணியில் சித்தி பரீதா பிழைதிருத்தத்தை விழுங்கிவிட்டு, மற்றதை எழுதியபடியே வாசித்தாள். முஹம்மது தம்பி கயிற்றைத் திரிப்பதை நிறுத்தவில்லை.

"குறை எண்டு நினைக்காதீங்க, மாஸ்டர். போன மாசம்போல இல்ல. அதில உசிர் இரிந்திச்சு. இது ஆறின சோறு. சும்மா சும்மா பேரச் சொல்லிக்கொண்டு இரிக்கீங்க, ஆள் ஓடிப்போயிருவான் எண்டு பயந்தமாதிரி."

"ஓம், நானா" என்றார் மாஸ்டர். சித்தி பரீதா குனிந்து, தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினாள். உண்மையைச் சொல்ல அன்றும் ஒரு வாய்ப்பு இருந்தது. இனிச் சொல்வதானால் அந்தப் பிள்ளையின் பொய்யையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும் என்பதை நினைத்தபோது அவருக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. அந்த ஆறுதலை அவரே அருவருத்தார்.

பின்னேரம் பட்டணத்துக்குத் திரும்பியவர், அச்சகத்து ஒழுங்கையில் நடந்தார். கோணாமலை வீட்டு யன்னல் திறந்திருந்தது. உள்ளே வாசிக்கும் குரல் கேட்டது.

"'பாய் கிழியும் என்று தெரிந்தும் அவர்கள் அதை இறக்கவில்லை. சுக்கானைப் பற்றியிருந்த...'"

குரல் நின்றது. ஒரு மனிதன் பாரத்தைத் தோள் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நின்றது.

"'...யோகராசா கரையைப் பார்த்தான்.'"

"ஏன் நிண்டு நிண்டு வாசிக்கிறீங்கள்?" என்றார் மனைவி பத்மாசனி. "பொடியன் கடகடவெண்டு வாசிப்பான்."

"மை மங்கல், பத்மாசனி. சண்டைக்கால மை."

"சரி, வாசியுங்கோ. அவன் கரைக்கு வாறானோ எண்டு பாப்பம்."

மாஸ்டர் மதிலோரமாக நின்றுவிட்டார். மை மங்கலில்லை, அச்சுத்தாளைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவரே. அந்தப் பந்தி அவருக்கு மனப்பாடம். அடுத்த வாக்கியமும் கலீலுர் றஹ்மான் என்ற பெயரில்தான் தொடங்குகிறது. அதற்கடுத்ததும் அப்படியே.

உள்ளே, கோணாமலையின் குரல் மறுபடியும் நின்றது.