பதினான்காம் பங்கேற்பாளர்

ஆராய்ச்சி முறைகள் வகுப்பின் முதல் நாளன்று ஒன்னோ மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். எங்கள் நெதர்லாந்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தான் எவ்வளவு சாதாரண மனிதர் என்பதை மட்டும் ஒன்னோ சாதாரணமாக விட்டுவிட மாட்டார்.

"உளவியலுக்கு வந்திருக்கிற நோய் என்ன தெரியுமா? பொய்," என்றார். "விடை பிடிக்கலன்னு ஆய்வுல கலந்துக்கிட்ட ஆளைத் தூக்காதீங்க. விடை வந்த பிறகு கேள்விய மாத்தாதீங்க. என்ன செய்யப்போறீங்கன்னு முன்னாடியே எழுதிப் பதிவு பண்ணுங்க. அதிலேர்ந்து இம்மிகூட நகரக் கூடாது."

பிறகு ஒரு கட்டுப் படிவங்களைச் சுற்றுக்கு விட்டார். முதுகலை உளவியல் மாணவர்கள் நாங்கள். ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஊருக்கே சொல்லித்தரப் போகிறவர்கள். நாற்பது பேரும் படிக்காமல் போட்டோம்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கு யோரிட் வாய்த்தான். மழையில் நனைந்த கோட்டோடு, கடித்த சீஸ் ரொட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன், நான் நோட்டில் தேதி போட்டுக் கோடு கிழிப்பதைப் பார்த்து, "ஐயோ, ஆடிட்டர்கிட்ட மாட்டிக்கிட்டேனா?" என்றான். அன்றிலிருந்து நான் ஆடிட்டர்.

குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்நியர் முகங்களைக் கடுமையாக மதிப்பிடுவார்களா என்பது எங்கள் ஆய்வு. அறுபது பேர். நாலு மாதம் இருவரும் ஒரே ஹீட்டரை அணைத்தும் போட்டும் வேலை பார்த்தோம். நடுவில் நவம்பரில் என் பிறந்தநாள் வந்தது. பெற்றோர் வீட்டில் வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் முறைக்குத்தான் சொல்லிவைத்தேன். யோரிட் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டான். எங்கள் ஊர் வழக்கப்படி வட்டம் முழுக்கச் சுற்றி, என் பிறந்தநாளுக்காக அம்மாவுக்கு, அப்பாவுக்கு, காது கேட்காத பெரியப்பாவுக்கு இரண்டு தடவை, கைகொடுத்து வாழ்த்துச் சொன்னான். சாயங்காலம் அவனே பாத்திரமும் துடைத்தான். அதற்குப் பிறகு அம்மா போன் செய்தால் என்னைவிட அவனைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தாள்.

ஜனவரியில் விடை வந்தது: 0.07. எங்கள் உலகத்தில் 0.05க்குக் கீழே வந்தால் கண்டுபிடிப்பு. மேலே போனால் வீணாய்ப்போன நாலு மாதம். யோரிட் முகம் தொங்கிப்போனது.

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு பாடம் போச்சு ஹிஸ்கே. இதுவும் போனா வெளியே அனுப்பிடுவாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"கடைசி மூணு பேரு கவனிக்கவே இல்லடி. ஜன்னலையே பாத்துட்டு இருந்தாங்க."

"எல்லாரும்தான் பாத்தாங்க. மழை பெய்ஞ்சுது."

"சரி ஆடிட்டர், விடு," என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன்.

மூன்று பேரை நீக்கினேன். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். 0.04 வந்தது. யோரிட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் அன்று இரவு தூங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒன்னோ தன் அறைக்குக் கூப்பிட்டார். யோரிட் ஏற்கெனவே இருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம், ஒன்னோவின் பக்கம். ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு பிஸ்கட். டப்பாவை மூடிவிட்டு ஒன்னோ ஆரம்பித்தார்.

"முதல்ல, நன்றி ஹிஸ்கே. நேர்மை பத்தி நல்லாப் படிச்ச மாணவர்கள் ஒரு நண்பனுக்காகத் தவறுவாங்களாங்கிறதுதான் எங்க ஆய்வு. நீ பதினாலாவது பங்கேற்பாளர். முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கே."

"அப்ப யோரிட்?"

"என் உதவியாளர். போன வருஷமே படிப்பை முடிச்சிட்டான். வகுப்புல இருபது பேர்தான் மாணவங்க. மீதி இருபதும் நம்ம ஆளுங்க."

"பெயில் ஆனேன்னு சொன்னானே?"

"அது எல்லா ஜோடிக்கும் பொது," என்றார் பெருமையாக. "ஒரு எழுத்து மாறாது. உன் மதிப்பெண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதே."

யோரிட் தன் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்னோ ஒரு தாளைப் புரட்டினார். "ஒரே ஒரு சிக்கல். நவம்பர் பதினாறு, பங்கேற்பாளர் வீட்டு விசேஷம்னு குறிச்சிருக்கே யோரிட். ஆய்வு வேலையைத் தாண்டிப் பழகக் கூடாதுன்னுதானே பதிவு பண்ணியிருக்கோம்? நீ வேலையாப் போனியா, நண்பனாப் போனியா? நண்பனாப் போயிருந்தா பதினாலை எடுத்துடணும். எடுத்தா விடை 0.05க்கு மேலே போயிடும், ஆய்வு நிக்காது. நிக்கலேன்னா உனக்கு முனைவர் படிப்புல இடம்..." முடிக்கவில்லை. பொய் சொல் என்று அவர் சொல்லவே இல்லை. கேள்வியையும் அதன் விலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

நான் யோரிட்டைப் பார்த்தேன். நாலு மாதத்தில் எல்லாமே அவர்கள் எழுதிக்கொடுத்ததாகிவிட்டது. எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு பிறந்தநாள் சாயங்காலம்.

"வேலையாத்தான்," என்றான். "நெருக்கம் வரட்டும்னு."

"நல்லது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு. பழைய தேதி போட்டுடாதே, அது மோசடி. இன்னிக்குத் தேதியே போடு."

எழுதினான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சைக்கிள் நிறுத்தத்துக்கு ஓடிவந்தான். "நில்லுடி! உங்க வீட்டுக்கு நானாத்தான் வந்தேன். யாரும் அனுப்பல. வரணும்னு தோணிச்சு, வந்தேன். மேல ஒன்னோகிட்ட வேலைன்னு சொல்லலேன்னா..."

"இடம் போயிருக்கும்."

"ஆமா. நீ புரிஞ்சுப்பேன்னு நினைச்சேன்."

"மூணு பேரைத் தூக்கினேனே, அப்பவே புரிஞ்சுக்கிட்டுத்தான் தூக்கினேன். இன்னும் எவ்வளவுடா புரிஞ்சுக்கணும்?"

முழுக்க நடிகனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நண்பனாகவும் இருந்து தொலைத்திருக்கிறான். அதைத்தான் என் கண்ணெதிரே விற்றான்.

நாலு மாடி திரும்ப ஏறினேன். ஒன்னோ கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யோரிட் பொய் சொன்னான். நண்பனாத்தான் எங்க வீட்டுக்கு வந்திருக்கான். இப்பதான் கீழே ஒத்துக்கிட்டான்."

குழாயை மூடிவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். "எப்ப சொன்னான்?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி."

அவர் தோள்கள் தளர்ந்தன. "கையெழுத்துப் போட்ட பிறகா? அப்ப பதிவு முடிஞ்சாச்சு ஹிஸ்கே. அது தரவு இல்ல, வெறும் பேச்சு," என்று சொல்லிக் கைதுடைக்கத் துணி தேடினார்.

முறைப்படி அவர் சொன்னது சரி. எதிர்த்துப் பேசுவதற்கு அந்த வகுப்பில் எனக்கு யாரும் ஒரு வரிகூடக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.