தாடைக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர்

...ஆனால் முகமூடியின் பட்டை தளரவே இல்லையே, பக்கிள் நீலக் கோட்டின் மேல்தானே நின்றிருந்தது, நான் பார்த்தேனே, மேலாளரின் மேஜையில், பிளாஸ்டிக் பைக்குள், பைக்கு மேல் என் வீட்டுக்காரர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு... அந்தக் கோட்டைப் போட்டதே நான்தான், போன வருஷம், சாப்பாட்டு மேஜையில் அவரை உட்காரவைத்து, முகமூடியை மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, இதற்கு மேல் இறுக்கவும் வேண்டாம், இதற்குக் கீழ் தளர்த்தவும் வேண்டாம் என்று பேனாவால் ஒரு கோடு. அவர் கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணை உருட்டிப் பயமுறுத்தினார், நான் சிரித்தேன், கோடு கோணலாகிவிட்டது. அந்தக் கோணல் கோட்டின் மேலேயே பக்கிள், ஒரு நூல்கூட நகராமல். பிறகு எப்படி அமோனியா கசிந்ததை விசாரிக்க வந்தவர்களிடம், பட்டையை நான்தான் தளர்த்தினேன், எரிச்சலாக இருந்தது, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்? ஏன் போட்டார் என்று எனக்குத் தெரியாதா என்ன. என்னைக் காப்பாற்றுகிறாராம். படியேற முடியாத மனுஷன், ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுகிற மனுஷன், என்னைக் காப்பாற்றுகிறார்.

“ஆரம்பிக்கலாமா மேடம்?” என்று வெளியே குரல். கடிகாரம். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது, சம்பளப் பட்டியலில். சோதனை அறையில் சேர்ந்த நாளிலிருந்து கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு அலைவதால் எல்லோருக்கும் அவர் கடிகாரம்தான், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தலையை ஆட்டினேன். ஆளுயரத்துக்குத் தொங்குகிற இந்த பிளாஸ்டிக் கூண்டுக்குள் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் நான், என் முகத்தில் நான் வடிவமைத்த முகமூடி, தலைக்கு மேலே கொக்கியில் வாழைப்பழ எசென்ஸில் நனைத்த காகிதத் துண்டு. ஃபில்டர் வழியாக அந்த வாசனை வராது, ஆகவே வந்தால் விளிம்பு வழியாகத்தான் வந்திருக்கவேண்டும், வந்தால் கையைத் தூக்கவேண்டும். இவ்வளவுதான் சோதனை, குழந்தைக்கும் புரியும். ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், முதலில் சாதாரண மூச்சு, பிறகு ஆழ்ந்த மூச்சு, தலையைப் பக்கவாட்டில் திருப்புவது, மேலும் கீழும் ஆட்டுவது, அட்டையைப் பார்த்து வாசிப்பது, கடைசியில் குனிந்து நிமிர்வது. நூறு தடவை உட்கார்ந்திருப்பேன் இங்கே.

சாதாரண மூச்சு. ஒரு சடங்குக்காகத்தான் இந்தச் சோதனை என்றார் மேலாளர், அறிக்கையை மூட ஒரு தாள் குறைகிறது, அதே தொகுதியிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து, முதலில் அதைத் தேர்ச்சி என்று சொன்ன ஆளே இன்னொரு முறை போட்டு உட்கார்ந்துவிட்டால் முடிந்தது, அணிந்தவர் கவனக்குறைவு என்று போட்டுக் கோப்பைக் கட்டிவிடலாம். முதலில் தேர்ச்சி என்று சொன்ன ஆள் நான். வாசனை வரவில்லை என்றால் என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பொய் அப்படியே உண்மையாகிவிடும். வந்தால்... வந்தால் மூவாயிரத்துச் சொச்சம் முகமூடிகளைத் திரும்ப வரவழைக்கவேண்டும், இந்த நிமிஷம் எத்தனையோ குளிர்பதனக் கிடங்குகளில் எத்தனையோ பேர் முகத்தில் இருப்பவை, நன்றாக இருக்கிறது, போட்டிருப்பதே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போட்டிருப்பவர்கள். அப்புறம் அவருடைய நுரையீரலைத் தின்றது அமோனியா இல்லை, நான்தான் என்று ஆகிவிடும். ஆகிவிடும் என்ன, ஆகித்தான் இருக்கிறது, எழுத்தில் வரவில்லை அவ்வளவுதான். ஒன்றும் வரவில்லை, இதுவரை ரப்பர் நெடி மட்டும்தான்.

ஆழமா இழுங்க, என்கிறார் கடிகாரம். இழுக்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது மூச்சு, கேட்காமலே வருகிறது, வெட்கமாக இருக்கிறது. வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் இந்நேரம் அவர் உட்கார்ந்திருப்பார், ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு. அது மூக்குத் தண்டில் அழுத்தி அழுத்திப் புண்ணாகிவிட்டது. போன வாரம் அதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா... இதை எவன் பண்ணினான்... உன்கிட்ட கேட்டிருக்கலாம்ல” என்றார். கிண்டல்தான். அவருக்கு எப்போதும் கிண்டல்தான், கல்யாணத்தன்றே என் கையைப் பார்த்து, என்ன இது, தச்சுப் பட்டறையில் வேலையா என்று கேட்டவர்... ஆனால் அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கிற பஞ்சில் புதிதாக ஒன்றைப் பிரித்து, மெல்லிய துண்டாக வெட்டி, மூக்குத் தண்டில் படுகிற இடத்தில் ஒட்டிக் கொடுத்தேன். சுகமா இருக்கு என்றார். சுகம்.

சுகத்துக்காகத்தானே எல்லாம். பக்கவாட்டில் திருப்புங்க, மெதுவா, என்கிறார், திருப்புகிறேன், இடது, வலது, இடது... பழைய முகமூடி இப்படித் திரும்பினால் கன்னத்தைக் கடிக்கும். கல்லுமாதிரி ரப்பர், காற்றுப் புகாது, எறும்பு புகாது, போட்டவன் அரை மணிநேரத்தில் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வான், எல்லாக் கிடங்கிலும் எல்லாரும் கழுத்தில்தான் போட்டிருந்தார்கள், கழுத்தா மூச்சு விடுகிறது? மேலாளர்களுக்கு அது பிரச்சினையே இல்லை, முகமூடி கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம். எனக்குப் பிரச்சினையாக இருந்தது, ஏனென்றால் அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தாடைக்கு அடியில் சிவப்பாக ஒரு வளையம் இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவார். ஒருநாள் வளையம் இல்லாமல் வந்தார். கழற்றிவிட்டீர்களா என்று கேட்டேன், எல்லாரும்தான் கழற்றுறாங்க என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், பத்து மாதிரிகள் செய்து பத்தும் தோற்றன, பதினொன்றாவதில் தாடைக்கு அடியில் விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் குறைத்தேன், மெத்தென்று மடிகிற மாதிரி. இரண்டே மில்லிமீட்டர். இரண்டு நாணயத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் தாண்டிவிடும். எட்டு மணிநேரமும் கழற்றாமல் போட்டிருந்தேன் என்று அவர் சொன்ன நாள் எனக்குத் தீபம் ஏற்றின மாதிரி இருந்தது.

மேலும் கீழும். கூரையைப் பார், தரையைப் பார். இப்போதும் ஒன்றும் வரவில்லை... வராதே, வராது, தலையை ஆட்டுவதில் வராது, எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால்தான் தாடை கீழே இறங்கும், இறங்கும்போது அந்த மெத்தென்ற விளிம்பு கூடவே வராமல் நின்றுவிட்டால்... அன்றைக்குக் கிடங்கில் அமோனியாக் குழாய் பிளந்தபோது அவர் கத்தியிருக்கிறார். ஏணி மேல் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களிடம் முகமூடி இல்லை, இறங்குங்கடா, இறங்குங்கடா என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இறங்கி ஓடும்வரை கத்தியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை, பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், கூடையில் வாழைப்பழம் இருந்தது, நான் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். என் நாத்தனார் அதைத் திரும்ப எடுத்துவந்து அண்ணனுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே, “அண்ணி, அன்னிக்கு அண்ணன் மாட்டியிருந்தது நீங்க பண்ணினதுதானே?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவர் சட்டென்று, நான்தான் பட்டையைத் தளர்த்திட்டேன்னு சொன்னேன்ல, என்று மூச்சு வாங்க ஆரம்பித்து, பேச்சு நின்று, இருமல் வந்து, அத்தோடு அந்தப் பேச்சு போய்விட்டது. அவர் இருமுகிற இருமலில் பாதி எனக்காக இருமுவது.

இன்றைக்கு நான் கவனமாகத்தான் வந்தேன். காலையிலிருந்து எசென்ஸ் பாட்டில் பக்கமே போகவில்லை, மாடியில் சாமான் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், புடவையைக்கூட மாற்றிக்கொண்டேன், கடிகாரத்தையே நனைத்து மாட்டச் சொன்னேன். முதல் சோதனையின்போது அப்படிச் செய்யவில்லை, அன்றைக்கு உதவிக்கு ஆள் வரவில்லை, நானே காலை முழுக்க இதே அறையில் புனல் வைத்துச் சின்னப் பாட்டில்களில் எசென்ஸ் ஊற்றினேன், முப்பது பாட்டில், அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வந்து கூண்டுக்குள் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் யாரும் செய்யக்கூடாதது அது, சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது, எழுதி ஒட்டியதும் நான்தான். ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு மரத்துவிடும், இரண்டு நிமிஷம் போதும், மலைமாதிரி பழம் குவித்திருந்தாலும் தெரியாது. இந்த மூன்று மாதமாக நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூக்கு மரத்திருந்தது, எனக்கு வரவேயில்லை, தெரியாமல் நடந்த பிழை. மகா முட்டாள்தனம், ஆனாலும் பிழைதான். ராத்திரி தூக்கம் வராதபோது அதைச் சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடுகிறேன்.

“அட்டையைப் படிங்க மேடம், கொஞ்சம் சத்தமா.” அட்டையில் எப்போதும் ஒரே பத்திதான், ஏணியை எப்படிப் பயன்படுத்துவது என்று, யாரோ எப்போதோ எழுதியது, எனக்கு மனப்பாடம். ஏணியைச் சாய்க்கும் முன் தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கவும். அலுவலகத்தில் நாங்கள் இதை முணுமுணுவென்றுதான் வாசிப்போம், யாருக்குக் கேட்கவேண்டும்? இன்று சத்தமாக வாசிக்கிறேன். ஒருவர் மேலே இருக்கும்போது மற்றவர் ஏணியைக் கீழே பிடித்துக்கொள்ளவும்... இன்னும் சத்தமாக, தாடை முழுக்க இறங்குகிறமாதிரி, அவர் கத்தியிருப்பாரே அந்தமாதிரி... கடிகாரம் நிமிர்ந்து பார்க்கிறார். பிடித்திருப்பவர் மேலே இருப்பவர் இறங்கும்வரை இடத்தை விட்டு...

வந்துவிட்டது. தாடைக்கு அடியில், இடது ஓரத்தில், குளிர்ச்சியாக ஒரு இழை, அப்புறம் இனிப்பு. மூடிவைத்த பையில் இரண்டு நாள் கிடந்த பழம். அய்யோ, வந்துவிட்டது. கையைத் தூக்கு. தூக்குகிறேன், இதோ... வாசிப்பை நிறுத்தியதும் தாடை ஏறிக்கொள்கிறது, விளிம்பு மறுபடி ஒட்டிக்கொள்கிறது, உள்ளே வந்த வாசனை மட்டும் உள்ளேயே நிற்கிறது. தூக்கினால் அவரைப் பொய்யன் ஆக்கவேண்டும், என்னங்க, நீங்க எழுதிக் கொடுத்ததை நான் கிழிச்சுட்டேன் என்று அந்த நாற்காலிக்கு எதிரில் நின்று சொல்லவேண்டும். தூக்காவிட்டால் எவனோ ஒருவன், எங்கேயோ, நாளைக்கோ அடுத்த மாதமோ, வாயைத் திறந்து கத்துவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது... ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, ஆனாலும் யோசிக்கிறேனே, கை முழங்காலிலேயே இருக்கிறதே. வாசனை மெலிகிறது. காற்று போய்விட்டதா, மூக்கு பழகிக்கொள்கிறதா... இன்னும் அரை நிமிஷம் இப்படியே உட்கார்ந்தால் முழுதாகப் போய்விடும், அப்புறம் கேட்டால் பொய் சொல்லவே வேண்டியதில்லை.

எங்கேயோ நான் இதே இடத்தில் இருந்திருக்கிறேன். இதே அட்டை, இதே வரி... முதல் சோதனையிலும் நான் ஏணி வாசிப்பை நடுவில் நிறுத்தினேன். ஆமாம், நிறுத்தினேன். கடிகாரம், என்ன மேடம், வருதா, என்று கேட்டார். நான் இன்னொரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். பதினொன்றாவது மாதிரி, தாடை வலிக்காத முதல் மாதிரி, கையிலேயே எசென்ஸ் நாற்றம், அதுவாகத்தான் இருக்கும் என்று... அப்புறம், “இப்ப வரல” என்றேன். அவர் வாசனை இல்லை என்று எழுதிக்கொண்டார். உண்மைதான், அப்போது வரவில்லை. ஆனால் மூக்கு மரத்திருந்தது என்றால், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால், நான் எதற்காக நிறுத்தினேன்?

கடிகாரம் கூண்டின் பிளாஸ்டிக்கில் முகத்தை ஒட்டினமாதிரி வைத்துக்கொண்டு பார்க்கிறார். அப்போதுதான் என் கையைப் பார்க்கிறேன், எப்போது கிளம்பியது என்று தெரியவில்லை, காதுப் பக்கம் வந்து நிற்கிறது, பட்டையைச் சரிசெய்யப் போகிற கைமாதிரியும் இருக்கிறது, தூக்கின கைமாதிரியும் இருக்கிறது. “என்ன மேடம், இப்ப வருதா?” என்று கேட்கிறார். இழுத்துப் பார்க்கிறேன், நன்றாக, நெஞ்சு நிறைய. வரவில்லை. இப்போது வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கிறார், கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.