இரண்டு வீசை மிளகாய்

பொன்னாயிக்கு விடியும்போதே பிடரி வலி தொடங்கிவிட்டது. கூடை அழுத்தி அழுத்திப் பள்ளமாகிப்போன இடத்தில் யாரோ ஆணியை வைத்து மெல்லத் திருகுவதுபோல் இருந்தது. வயிற்றில் முந்தாநாள் குடித்த கஞ்சித் தண்ணீர்தான். வயிறு காலியாக இருந்தால் பிடரி கூடுதலாக வலிக்கும். அறுபது வயதில் அவள் கண்டுபிடித்த வைத்திய ரகசியம் அது ஒன்றுதான்.

இன்றைக்கு அரியலூரில் சந்தை. அரியமுத்து சாமானோடு வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

ஊரை அடைத்து இருபது நாளாகியிருந்தது. மேலத்தெருவில் வாந்திபேதி வந்து ஒரே வாரத்தில் நாலு பேரைக் கொண்டுபோயிற்று. டவுனிலிருந்து ஆள் வந்து கிணற்றில் சிவப்பு மருந்தைக் கொட்டி, ஆளுக்கொரு ஊசியும் குத்திவிட்டுப் போனார்கள். அன்றே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்பு அவிழ்க்கும்வரை ஊர்க்காரன் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, அசலூரான் உள்ளே வரக் கூடாது. உரலில் உலக்கை விழக் கூடாது, அடுப்பில் தாளிக்கும் வாசம் எழக் கூடாது. வீட்டுத் தானியம் ஒரு பிடிகூட அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் அதோடு நோயும் போகும் என்பது பேச்சு.

கீழத்தெருவில் கால் வலுத்தவர்கள் அடைப்புக்கு முன்பே கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது, பொன்னாயியையும் சேர்த்து, ஐந்து குடிசையில் ஏழு கிழடுகள். பக்கத்துக் குடிசைப் பாப்பாத்தி தினமும் படலுக்கு அந்தப் பக்கம் நின்று, "உசுரோட இருக்கியாடி?" என்று கேட்பாள். "இருக்கேன், நீ சோறு ஆக்கிட்டியா?" என்பாள் பொன்னாயி. "ஆக்குனேன்" என்று சொல்லிவிட்டுப் பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காப்புக் காலத்தில் அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்.

பொன்னாயிக்கு வெளியே இருந்த ஒரே ஆள் அரியமுத்து. அரியலூர் ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன். அவளைவிட நாலைந்து வயது இளையவன், ஆனாலும் கிழவன்தான். செத்துப்போன அவள் புருஷன் மதுரைவீரனை அண்ணன் என்பான், அவளை மதினி என்பான். ஆறு மைல் நடந்து வந்து எல்லைக்கல்லில் சாமானை வைத்துவிட்டு நூறு அடி தள்ளிப் புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அவள் போய் எடுத்துக்கொள்ளலாம். தலையாரி சின்னதுரை போட்ட சட்டம் இது.

கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அரியமுத்துவுக்குக் காது கிடையாது. கல்லுடைக்கும் இடத்தில் வேட்டு வெடித்ததில் போய்விட்டது. எழுத்து இருவருக்கும் தெரியாது. அதனால் பொன்னாயி ஒரு வழி செய்திருந்தாள். போன சந்தைக்கு, ஒரு பூவரச இலையில் ஒரு சிட்டிகை கம்பு நொய், நாலு கல் உப்பு, ஒரு மிளகாய் மூன்றையும் மாதிரிக்கு வைத்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசு அத்தனையையும் ஒரு சிரட்டையில் போட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். கண்டால் புரியாதா?

அவனுக்குப் புரியும். சொன்னதை, காட்டியதை அப்படியே செய்வதில் அவனைப்போல் ஆள் கிடையாது. அதுதான் அவனிடம் நல்லதும் கெட்டதும்.

அவனுக்குக் காது கேட்ட நாளில், ரயில் பாதைக்கு மண் போட்ட காலத்தில் மூன்று பேரும் ஒரே குழி. ஆண்கள் இரண்டு பேர் வெட்ட, பொன்னாயி சுமப்பாள். குழியின் நடுவில் வெட்டாமல் ஒரு மண்தூணை விட்டுவிடுவார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அந்தத் தூண்தான் சாட்சி. ஒருநாள் மேஸ்திரி வந்து, "நான் வந்து அளக்கற வரைக்கும் இந்தத் தூணப் பாத்துக்க" என்று அரியமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனான். போனவன் திருச்சியில் கல்யாணம் என்று மூன்று நாள் வரவில்லை. மூன்று நாளும் அரியமுத்து குழிக்குள்ளேயே கிடந்தான். பொன்னாயி கஞ்சியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

"ஏம்ப்பா, தூண எவன் தூக்கிட்டுப் போவப் போறான்?" என்றாள்.

"பாத்துக்கன்னு சொல்லிட்டாரே மதினி" என்றான்.

மதுரைவீரன் குழி மேட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போதும் அவளுக்குக் காதில் கேட்கும். அப்போது உடம்பில் வலுவும் வேலையும் இருந்தது. சனிக்கிழமை கூலி வாங்கினால் மூவரும் அப்படியே அரியலூர்ச் சந்தைக்கு நடப்பார்கள். கருவாட்டுக் கடை வாசம் பாதி வழியிலேயே வந்து ஆளை இழுக்கும். மதுரைவீரன் விலை கேட்பான், பொன்னாயி அடித்துப் பேசுவாள், அரியமுத்து சுமப்பான். கொட்டகைக்கு வந்து கம்பங்களி கிண்டி, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, ஒரே சட்டியில் மூன்று கை. களி தீர்ந்த பிறகும் சட்டியை வழிப்பதில் சண்டை நடக்கும். அந்தப் பாதையில் முதல் வண்டி போன அன்று, இஞ்சின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாம போட்ட மண்ணு எறங்குதா பாரு" என்று கரையையே பார்த்துக்கொண்டு நின்றான் மதுரைவீரன்.

வெயில் ஏறியபோது புளியமரத்தடியில் அரியமுத்து தெரிந்தான். தலையில் சுமை அழுத்தாமல் இருக்கச் சுருட்டி வைத்த சும்மாட்டுத் துண்டு, அதன்மேல் ஒரு சாக்கு. கல்லில் இறக்கி வைத்துவிட்டு, நின்று மூச்சு வாங்கி, திரும்பி நடந்தான். மரத்தடிக்குப் போனதும் கையை ஆட்டினான்.

பொன்னாயி ஓட்டமும் நடையுமாகப் போனாள். சாக்கு பெரிதாக இருந்தது. மனசு குளிர்ந்துபோயிற்று. தூக்கிப் பார்த்தால் எடை இல்லை. அவிழ்த்தாள்.

மிளகாய். இரண்டு வீசைக்குக் குறையாது. அதன் நடுவில் ஒரு பொட்டலம் உப்பு. கையை விட்டு அடிவரை துழாவினாள். தும்மல்தான் வந்தது.

"காரம் நல்லாருக்கும் மதினி" என்று மரத்தடியிலிருந்து கத்தினான் அரியமுத்து. "கொல்லிமல பக்கத்து மொளகாயாம். இருந்த காசு பூராத்துக்கும் வாங்கிட்டேன்."

வரப்பில் உட்கார்ந்திருந்த சின்னதுரை தொடையில் அடித்துக்கொண்டான். "ஏ கெழவி, மொளகா மண்டி வெக்கப் போறியா?"

"நொய்யும் வெச்சேனே தலையாரியாரே, இலையில வெச்சேனே."

"வெச்ச. நாலு தவுட்டுக்குருவி வந்துச்சு, பொறுக்கிட்டுப் போச்சு."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"மனுசனத் தடுக்கத்தான் எனக்கு உத்தரவு. குருவியத் தடுக்க உத்தரவு இல்ல."

பொன்னாயி அரியமுத்துவைப் பார்த்து விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். சோறு, சோறு என்று காட்டினாள். அவன் பலமாகத் தலையாட்டினான். தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "நான் தின்னுட்டுத்தான் வந்தேன். நீ போயிச் சாப்புடு மதினி. நேரமாவுதுல்ல" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அடுத்த சந்தைக்கு எட்டு நாள். காசும் இல்லை. வீட்டில் முருங்கைக் கீரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. எட்டு நாள் கீரையைத் தின்று கிடக்க இந்த வயதில் உடம்பு ஒத்துக்கொள்ளாது. பேதியே வேண்டாம், பசியே போதும். அப்படித்தான் போன வாரம் கோடி வீட்டுக் கிழவன் போனான். பேதி என்று எழுதிக்கொண்டார்கள்.

அரியமுத்து நேராகப் போய்விட மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். சாலையோர இடுகாட்டில் மதுரைவீரனைப் புதைத்த இடத்தில் கொஞ்சம் நின்று, வெற்றிலைப் பையை அவிழ்த்து, ஒரு துண்டு புகையிலையை மண்ணில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தான் போட்டுக்கொண்டுதான் போவான். நாலு வருஷமாக நடக்கிறது.

அவ்வளவு நேரம் போதும். பொன்னாயி சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கூரை எரவாணத்தில் பழைய மண்கூடை செருகியிருந்தது. விளிம்பு பிய்ந்து, வறட்டி அள்ளவும் உதவாமல் கிடந்த கூடை. அதை இழுத்து எடுத்துக்கொண்டு, இடுகாடு வரைக்கும் தெரிகிற ஏரிக்கரையில் ஏறினாள். கரை செங்குத்து. முழங்காலைக் கையால் தள்ளித் தள்ளி ஏறினாள். மேலே போனதும் கூடையைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

ரயில் பாதை வேலையில் மத்தியானக் கஞ்சி வராத நாளில் பெண்கள் இப்படித்தான் செய்வார்கள். முதலில் ஒருத்தி கவிழ்ப்பாள். அப்புறம் வரிசையாக அத்தனை கூடையும் கவிழும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மேஸ்திரி கத்துவான், அடிக்க ஓங்குவான். கஞ்சிப் பானை வண்டியில் வந்து இறங்கும்வரை ஒரு கூடை நிமிராது. பெண்கள் கவிழ்த்துவிட்டால் ஆண்களும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் கூட்டத்து வழக்கம்.

அங்கே, வெற்றிலைப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தான் அரியமுத்து. புதைகுழியைப் பார்த்துக் கை காட்டினான். திரும்பி நாலடி வைத்தான். ஊர்ப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

நின்றான். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு, நடுச்சாலையில், அப்படியே குந்தினான். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான்.

பதினாறு பதினேழு வருஷம் கழித்து அவர்கள் இருவரும் மறுபடி அப்படி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாமவன் நடுவில் மண்ணுக்குள் இருந்தான். பொன்னாயிக்குக் கண் மறைத்தது. மிளகாய் நெடி என்று துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் எழுந்து, ஓட்டம் என்று சொல்லத்தக்க நடையில், அரியலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் அவன் திரும்ப வந்தான். மூட்டையைக் கல்லில் வைத்தான். நடக்கும்போது ஒரு காலை இழுத்தான். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் கோபமாகக் கத்தினான்.

"இலையில உப்பும் மொளகாயுந்தான் இருந்துச்சு. இல்லாதத நான் எப்புடி மதினி வாங்குவேன்?"

"குருவி தின்னுடுச்சிப்பா" என்றாள் பொன்னாயி. அவனுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னாள்.

மூட்டையை அவிழ்த்தாள். இரண்டு படி கம்பு. இடித்த கம்பு. காப்புக் கட்டிய ஊரில் உலக்கை போடக் கூடாது என்பதை நினைத்து இடித்தே கொண்டுவந்திருக்கிறான். பாதி உமி போகவில்லை, கல்லும் கிடந்தது. பெண் கை பட்டதல்ல. தனியாளாகக் கிடக்கிற கிழவன் தானே இடித்து, தானே புடைத்தது. யுத்தத்தில் பர்மா அரிசி நின்றதிலிருந்து டவுனில் கம்புக்கே நாள் கணக்கில் வரிசை என்று சொன்னார்கள். இது கடையில் வாங்கியதாக இருக்காது. அவன் பானையில் இருந்ததுதான்.

கம்பைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். அழுக்கேறி, நடுவில் வட்டமாகத் தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. அவனுடைய சும்மாட்டுத் துண்டு. நிமிர்ந்து பார்த்தாள். புளியமரத்தடியில் அவன் வெறுந்தலையோடு நின்றான்.

கம்பை முந்தானையில் கொட்டிக்கொண்டு துண்டைக் கல்லில் வைக்கப் போனாள்.

"உள்ள வந்த துணி வெளிய போவக் கூடாது" என்றான் சின்னதுரை.

"துண்டுதானே தலையாரியாரே. அவன் பொழப்பு அதுலதான் இருக்கு."

"துண்டுலதான் நோவு ஒட்டிக்கிட்டுப் போவும். காப்பு அவுக்கட்டும், நீயே கொண்டுபோயிக் குடு." இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

அவள் துண்டைத் தூக்கிக் காட்டினாள். அரியமுத்து கையை ஆட்டி, வேண்டாம் என்றான். "மொளகாய வெயில்ல போடு மதினி, இல்லேன்னா பூசணம் பூத்துரும்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பொன்னாயி அன்று களி கிண்டினாள். உப்பும் சுட்ட மிளகாயும் தொட்டுக்கொண்டு, சட்டியை வழித்துத் தின்றாள். வழிக்க யாரும் சண்டைக்கு வரவில்லை. வயிறு நிறைந்ததும் பிடரி வலி கொஞ்சம் இறங்கியது. துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டாள். நாளைக் காலையில் ரயிலடிக்கு வண்டி வரும். சும்மாடு இல்லாத தலையில் அவன் மூட்டை ஏற்றுவான்.

அரியமுத்துவுக்கு அவள் தர வேண்டியது: இரண்டு படி கம்பு, இடித்தது. சும்மாட்டுத் துண்டு ஒன்று.